அப்டேட் பாதியில் கரண்ட் போய் பிரிக் ஆன (செங்கல்போலச் செயலிழந்த) ரவுட்டரை எப்படி மீட்பது?

கேள்வி: வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். ரவுட்டர் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7, ஐந்தாம் வெர்ஷன். அதில் ஓபன்டபிள்யூஆர்டி (கம்பெனி சாஃப்ட்வேருக்குப் பதிலாகப் போடும் இலவச ரவுட்டர் சாஃப்ட்வேர்) ஏற்றிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போய்விட்டது. இப்போது ஆன் செய்தால் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைகிறது. சில நொடி கழித்து மறுபடி அதே கதை. வைஃபை பெயர் வரவில்லை, 192.168.0.1 திறக்கவில்லை, ரீசெட் பட்டனுக்கும் அசையவில்லை. கடையில் கேட்டால் ‘போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்க’ என்கிறார்கள். காப்பாற்ற வழி உண்டா?

பதில்:

உண்டு. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு நல்ல வாய்ப்பே இருக்கிறது. விளக்குகள் சீரான இடைவெளியில் எரிந்து அணைகின்றன என்றால் உள்ளே பிராசஸர் ஓடுகிறது, பூட்லோடர் (ஆன் செய்ததும் முதலில் ஓடி மற்றதை எழுப்பும் சின்ன புரோகிராம்) உயிரோடு இருக்கிறது, ஏதோ ஒரு கட்டத்தில் முட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது என்று அர்த்தம். போர்டே போயிருந்தால் இந்த ஒழுங்கு இருக்காது. அதனால் புதுசு வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பழைய ரவுட்டர்களைச் சரிசெய்து கொடுக்கிறவன் நான். மீட்கவே முடியாமல் என்னிடம் வருகிற பெட்டிகளில் பெரும்பாலானவை முதல் விபத்தில் கெட்டவை அல்ல. அதற்கப்புறம் பதற்றத்தில் கையில் கிடைத்த கோப்பையெல்லாம் ஏற்றிப் பார்த்து, வீடியோவில் காட்டினார்கள் என்று சிப்பின் காலை ஷார்ட் செய்து பார்த்துக் கெடுத்தவை. அதனால் என் ஒரே வேண்டுகோள் இதுதான்: ரவுட்டர் எதுவரை போகிறது, என்ன கேட்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை அதில் எதையும் எழுத வேண்டாம்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரியும். உங்கள் மாடலில் ஃபிளாஷ் சிப் 16 எம்பி, ராம் 128 எம்பி. ஃபிளாஷின் தொடக்கத்தில் யு-பூட் என்ற பூட்லோடர் சின்ன இடத்தில் இருக்கிறது. அதற்கடுத்து லினக்ஸ் கெர்னல் என்ற, சிஸ்டத்தின் மையப் பகுதி, அப்புறம் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற, படிக்க மட்டும் முடிகிற ஃபைல் சிஸ்டம், அதன் பிறகு உங்கள் செட்டிங் எல்லாம் சேரும் இடம். கடைக்கோடியில் ஆர்ட் என்ற 64 கேபி பகுதி இருக்கும். அந்த ஒரு பெட்டிக்காகவே ஃபேக்டரியில் அளந்து எழுதிய வைஃபை ரேடியோ அளவீடுகள் அதில்தான் இருக்கின்றன. வழக்கமான அப்டேட் நடுவில் உள்ள கெர்னலையும் ஃபைல் சிஸ்டத்தையும் மட்டும் மாற்றும், முன்னாலும் பின்னாலும் இருப்பதைத் தொடாது. கரண்ட் போனபோது இந்த நடுப்பகுதியில் சில பிளாக்குகள் அழிக்கப்பட்டு, புதியது எழுதப்படாமல் நின்றுபோயிருக்கும். பூட்லோடர் எழுந்து கெர்னலைத் தேடுகிறது. கெர்னல் பாதியாக இருக்கிறது, அல்லது கெர்னல் முழுசாக இருந்தும் அதன் ஃபைல் சிஸ்டம் பாதியாக இருக்கிறது. உடனே பேனிக், அதாவது மேலே போக முடியாமல் நிற்பது, உடனே ரீபூட். நீங்கள் பார்க்கும் விளக்கு ஆட்டம் இதுதான்.

ஆனால் கெட்ட அடாப்டரும் அச்சு அசல் இதே ஆட்டத்தைக் காட்டும். இதை முதலில் விலக்காமல் மேலே போகாதீர்கள். உங்கள் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டர். பழைய டபிள்யூஆர்841என் போன்றவற்றுக்கு 9 வோல்ட், 0.6 ஆம்பியர். வீட்டில் இப்படி இரண்டு மூன்று அடாப்டர் கிடந்தால் பின் ஒன்றுபோல இருக்கும், மாறிப்போவது சாதாரணம். சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் 12 காட்டும் அடாப்டர், ரவுட்டர் எழுந்து வைஃபை ரேடியோ கரண்ட் இழுக்கும் நொடியில் கீழே விழும். ரவுட்டர் ரீபூட் ஆகும். கரண்ட் போய் வரும்போது பாய்கிற அடியில் அடாப்டர் பலவீனமாவதும் நடப்பதுதான். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள இன்னொரு அடாப்டரை யாரிடமாவது வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்றும் பாருங்கள். தேவனாம்பட்டினம், ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கமிருந்து வரும் பெட்டிகளில் லேன் போர்ட்டுக்குள் இருக்கும் பொன்னிறக் கம்பிகள் உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். ஒரு போர்ட்டில் தொடர்பு கிடைக்கவில்லை என்றால் அடுத்த போர்ட்டில் முயற்சி செய்யுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் புகுந்த வீட்டு ரவுட்டர் என்றால் கதையே வேறு. அதற்கு முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும்தான் வைத்தியம், சாஃப்ட்வேர் அப்புறம்.

அடாப்டர் சரி என்று தெரிந்ததும், உண்மையிலேயே பிரிக் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இது விசித்திரமாகத் தோன்றும். ஓபன்டபிள்யூஆர்டி புதிதாக ஏறியதும் பெரும்பாலான மாடல்களில் வைஃபை அணைந்தே இருக்கும், முகவரியும் 192.168.0.1 இல்லை, 192.168.1.1. வைஃபை பெயர் வரவில்லை, பழைய முகவரி திறக்கவில்லை என்று ‘செத்துப்போச்சு’ என எடுத்து வருகிறவர்கள் பலர். ஸ்நாப்ஷாட் என்ற சோதனைப் பதிப்பை ஏற்றியிருந்தால் பிரவுசரில் பக்கமே வராது, எஸ்எஸ்ஹெச் (கட்டளை தட்டி உள்ளே போகும் வழி) மட்டும்தான். எனவே ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு (பல ஃபைபர் பெட்டிகளும் அதே 192.168.1.1-ல்தான் உட்கார்ந்திருக்கும்), லேப்டாப்பை ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகி, லேப்டாப்புக்கு 192.168.1.2 என்று கையால் முகவரி கொடுத்து, 192.168.1.1-க்கு பிங் அடியுங்கள், அதாவது அங்கே ஆள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் வேலை முடிந்தது. உங்கள் விளக்குகள் சொல்வதைப் பார்த்தால் வராது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

ஓபன்டபிள்யூஆர்டி எழுந்தும் தப்பான செட்டிங்கால் உள்ளே போக முடியாமல் இருப்பவர்களுக்கு ஃபெயில்சேஃப் என்று ஒரு வழி உண்டு: பூட் ஆகும்போது விளக்கு மின்ன ஆரம்பித்ததும் ஒரு பட்டனை அழுத்தினால், மின்னல் வேகமெடுக்கும், அப்போது 192.168.1.1-ல் எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்து செட்டிங்கை அழிக்கலாம். கெர்னல் நல்லபடி இருந்தால்தான் இது வரும், உங்களுக்குப் பயன்படாது. முப்பது நொடி அழுத்து, முப்பது நொடி கரண்ட் எடு, இன்னொரு முப்பது நொடி அழுத்து என்ற பழைய வைத்தியமும் அப்படித்தான். ரீசெட் அழிப்பது செட்டிங்கை மட்டுமே. பாதி எழுதிய ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டரின் உள் சாஃப்ட்வேரை, அது முழுதாக்காது.

இனி முக்கியமான இடம். டிபி-லிங்க்கின் பல மாடல்களில் பூட்லோடருக்குள்ளேயே மீட்பு வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ரவுட்டரை ஆன் செய்தால், அது ஃபிளாஷில் உள்ள கெர்னலைத் தேடாமல், கேபிள் வழியே ஒரு குறிப்பிட்ட முகவரியில் இருக்கும் கம்ப்யூட்டரிடம், குறிப்பிட்ட பெயருள்ள கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறையில் கேட்கும். கிடைத்தால் தானே எழுதிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் சில நொடியில் விட்டுவிட்டு வழக்கம்போல பூட் ஆகப் போகும். அந்தச் சில நொடிக்குள் சரியான முகவரியில் சரியான பெயரில் கோப்பை நீட்டிக்கொண்டு நிற்பதுதான் நம் வேலை.

எந்த முகவரி, எந்தப் பெயர் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரவுட்டரே சொல்லும். லேப்டாப்பில் வயர்ஷார்க் போடுங்கள், கேபிளில் போகும் பேச்சைக் காட்டும் புரோகிராம், இலவசம்தான். லேன் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து கேப்ச்சர் ஆரம்பித்துவிட்டு, ரீசெட்டை அழுத்தியபடி ரவுட்டரை ஆன் செய்யுங்கள். உங்கள் மாடலில் ஏஆர்பி என்று ஒரு வரி வந்து விழும்: 192.168.0.66 யார், 192.168.0.86-க்குச் சொல்லவும் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கும். அதாவது ரவுட்டர் தனக்கு 86 என்று வைத்துக்கொண்டு 66-ஐத் தேடுகிறது. இந்த ஒரு வரியைத் திரையில் பார்த்துவிட்டால் நிம்மதியாக ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பூட்லோடர் நலமாக இருக்கிறது, ரவுட்டர் பிழைத்துவிடும்.

அடுத்து லேப்டாப்பின் லேன் முகவரியை 192.168.0.66, மாஸ்க் 255.255.255.0 என்று வையுங்கள், கேட்வே காலியாக இருக்கட்டும். மறுபடி அதே மாதிரி ஆன் செய்தால், இப்போது ஆள் கிடைத்துவிட்டதால், டிஎஃப்டிபி ரீட் ரெக்வெஸ்ட் என்ற வரி வரும், அதில் கோப்பின் பெயர் எழுத்து பிசகாமல் இருக்கும். சி7 ஐந்தாம் வெர்ஷனுக்கு அது ஆர்ச்சர், சி7, வி5 மூன்றும் சேர்ந்து, அடிக்கோடு, டிபி, அடிக்கோடு, ரெக்கவரி, புள்ளி பின் என்று ஆங்கிலத்தில் வரும். ஆர்ச்சரின் முதல் எழுத்தும் சி-யும் மட்டும் பெரிய எழுத்து. வேறு மாடல்களில் வேறு மாதிரி. மீடியாடெக் சிப் வைத்த சில பிற்கால டிபி-லிங்க் பெட்டிகள் 192.168.0.225-ஐத் தேடும், பெயரில் மாடல் எண்ணே இருக்காது. மனப்பாடம் செய்ய வேண்டாம், வயர்ஷார்க்கில் பார்த்ததை அப்படியே காப்பி செய்யுங்கள்.

எந்தக் கோப்பை அந்தப் பெயருக்கு மாற்றுவது? ஓபன்டபிள்யூஆர்டி தளத்தில் உங்கள் மாடலுக்கு, உங்கள் வெர்ஷனுக்கு உரிய ‘ஃபேக்டரி’ என்று பெயரில் உள்ள கோப்பு. ‘சிஸ்அப்கிரேட்’ என்று இருப்பதை இங்கே போடாதீர்கள். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஓபன்டபிள்யூஆர்டியிலிருந்து அடுத்த பதிப்புக்குப் போக. வெர்ஷன் எண் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். சி7 இரண்டாம் வெர்ஷனும் ஐந்தாம் வெர்ஷனும் பெயரில்தான் ஒன்று, உள்ளே வேறு வேறு போர்டு. இறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ256 எண்ணை விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையால் எடுத்து, தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். மொபைல் டேட்டாவில் இறக்கும்போது கோப்பு பாதியில் அறுந்து முழுசானதுபோல நடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிட வேலை, சோம்பல் வேண்டாம்.

விண்டோஸில் டிஎஃப்டிபிடி64 என்ற சின்ன புரோகிராம் போதும். கோப்பு இருக்கும் ஃபோல்டரைக் காட்டி, இன்டர்ஃபேஸ் பட்டியலில் 192.168.0.66-ஐத் தேர்ந்தெடுங்கள். பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஃபயர்வால் குறுக்கே நிற்கும்; இந்த வேலை முடியும்வரை அணைத்துவிடுங்கள், வைஃபையையும் அணைத்துவிட்டால் அந்த நேரத்தில் வெளித்தொடர்பே இருக்காது, பயமில்லை. விண்டோஸ் கோப்பின் வால் பெயரை மறைத்து வைப்பதால், நீங்கள் பெயர் மாற்றும்போது புள்ளி பின் புள்ளி பின் என்று இரண்டு வால் சேர்ந்துவிடும். வியூ மெனுவில் எக்ஸ்டென்ஷன் காட்டச் சொல்லிவிட்டுப் பெயரை மாற்றுங்கள்.

மூன்றாவது சிக்கல்தான் அதிகம் பேரை அலைக்கழிப்பது. ரவுட்டர் அணைந்திருக்கும்போது லேப்டாப்பின் லேன் இணைப்பும் அறுந்திருக்கும். ரவுட்டரை ஆன் செய்ததும் இணைப்பு வர, விண்டோஸ் முகவரியை எடுத்துக்கொள்ள, இரண்டு மூன்று நொடி ஆகிறது. அதற்குள் ரவுட்டர் கேட்டு முடித்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். வழி சுலபம்: நடுவே ஒரு சின்ன நெட்வொர்க் சுவிட்ச் வையுங்கள். லேப்டாப்பிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து ரவுட்டர். ரவுட்டர் அணைந்தாலும் லேப்டாப்புக்கும் சுவிட்சுக்கும் நடுவே இணைப்பு உயிரோடு இருக்கும். சுவிட்ச் இல்லையென்றால் வேறு ஏதாவது பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டுகளில் இரண்டைப் பயன்படுத்துங்கள், அதன் முகவரி 66-ஆகவோ 86-ஆகவோ இல்லாமல் இருந்தால் போதும். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் காந்தி வீதிப் பக்கம் பழைய ரவுட்டர் கிடைக்கும், இந்த வேலைக்கு அதுவே ஏராளம்.

எல்லாம் தயாரானதும்: ரவுட்டர் அணைந்திருக்க, ரீசெட்டை அழுத்திப் பிடித்து, பவர் சுவிட்சைப் போடுங்கள். டபிள்யூபிஎஸ் விளக்கு எரியும்வரை பிடித்திருங்கள், எரிந்ததும் விடலாம். டிஎஃப்டிபிடி64-ல் கோப்பு போவது தெரியும். டிஎஃப்டிபி 512 பைட் துண்டு துண்டாக அனுப்புகிற பழைய முறை, ஒவ்வொரு துண்டுக்கும் ரசீது வாங்கித்தான் அடுத்ததை அனுப்பும். ஆனாலும் சில நொடியில் முடிந்துவிடும். முடிந்ததும் உடனே எதுவும் நடக்காது. கோப்பு இப்போது ரவுட்டரின் ராமில்தான் இருக்கிறது, இனிமேல்தான் ஃபிளாஷை அழித்து எழுதப் போகிறது. இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து சுவிட்சை அணைத்தால் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். தானே ரீபூட் ஆகும், லேப்டாப்பை ஆட்டோமேட்டிக் முகவரிக்கு மாற்றி 192.168.1.1 திறந்து பாருங்கள்.

அந்த ஐந்து நிமிடத்துக்கு நம்பகமான கரண்ட் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் கரண்ட்டை நம்ப முடியாது. வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேர இடைவெளியிலேயே சில ரவுட்டர்கள் ரீபூட் ஆகிவிடும், எனவே இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு இருந்தால் அதில் வையுங்கள். ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் இன்னும் நல்லது. ஆம்பியர் உங்கள் அடாப்டரில் எழுதியிருப்பதற்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.

வேறு கம்பெனி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. டி-லிங்க்கின் பல மாடல்களில் ரீசெட்டை அழுத்தி ஆன் செய்தால் பூட்லோடரே ஒரு சின்ன வெப் பக்கம் நடத்தும், லேப்டாப்புக்கு 192.168.0.10 மாதிரி ஒரு முகவரி கொடுத்து 192.168.0.1-ஐத் திறந்து கோப்பை ஏற்றலாம். அசுஸில் பவர் விளக்கு மெதுவாக மின்னும் ரெஸ்க்யூ மோடு, அவர்களே கொடுக்கும் ஃபர்ம்வேர் ரெஸ்டோரேஷன் புரோகிராம். நெட்கியரில் திசை மாறும்: அங்கே ரவுட்டர் காத்திருக்கும், நாம்தான் கோப்பைத் தள்ள வேண்டும், அதற்கு என்எம்ஆர்பிஃபிளாஷ் என்ற இலவசக் கருவி மிகவும் சிறந்தது. மைக்ரோடிக் என்றால் நெட்இன்ஸ்டால்.

வயர்ஷார்க்கில் ஒரு வரிகூட வரவில்லை என்றால்? கேபிள், போர்ட், சுவிட்ச் எல்லாம் மாற்றிப் பார்த்தும் ஒன்றுமில்லை என்றால், பெட்டியைத் திறந்து, போர்டில் உள்ள சீரியல் என்ற கம்பி இணைப்பு வழியே கேட்க வேண்டும். வாரன்டி இருந்தால் திறப்பதற்கு முன்பே அந்த வழியைப் பார்த்துவிடுங்கள்.

தேவை ஒரு யுஎஸ்பி டிடிஎல் அடாப்டர். சிபி2102 அல்லது சிஹெச்340 சிப் வைத்தது சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும். சென்னை போகிறவர் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவரச் சொல்லலாம். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று ஜம்பர் இருந்தால் 3.3-ல் வையுங்கள். இதில் மட்டும் சமரசம் கிடையாது, 5 வோல்ட் கொடுத்தால் பிராசஸரின் கால் போய்விடும். ரவுட்டர் போர்டில் நான்கு துளைகள் வரிசையாக இருக்கும்: கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது), விசிசி (கரண்ட்). ரவுட்டரை அணைத்துவிட்டு மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்து லேன் போர்ட்டின் உலோக உறைக்கும் துளைக்கும் வைத்தால் கிரவுண்ட் கத்தும். ஆன் செய்தபின் அசையாமல் 3.3 காட்டுவது விசிசி. பூட் ஆகும்போது 3.3-க்குக் கீழே படபடவென்று ஆடுவது டிஎக்ஸ். மிச்சம் ஆர்எக்ஸ். இதன் டிஎக்ஸ் அதன் ஆர்எக்ஸுக்கு, அதன் டிஎக்ஸ் இதன் ஆர்எக்ஸுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு. விசிசியை இணைக்கவே கூடாது, ரவுட்டருக்குக் கரண்ட் அதன் அடாப்டரிலிருந்தே வரட்டும். சில போர்டுகளில் டிஎக்ஸ் பாதையில் இருக்க வேண்டிய ஒரு ரெசிஸ்டரைப் போடாமல் விட்டிருப்பார்கள். அங்கே துளையில் எதுவும் வராது, அந்த இடைவெளியைச் சால்டரால் இணைக்க வேண்டும். உங்கள் போர்டின் படத்தைப் பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

லேப்டாப்பில் புட்டி என்ற புரோகிராமில் 115200 வேகம், 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். பழைய ராலிங்க், மீடியாடெக் பெட்டிகள் சிலவற்றில் 57600. குப்பை எழுத்தாக வந்தால் வேகம் தப்பு. சுத்தமாக வந்தால் ரவுட்டர் தன் கதையை வரி வரியாகச் சொல்லும்: யு-பூட் பதிப்பு, ராம் எவ்வளவு, ஃபிளாஷ் எவ்வளவு, கெர்னலைச் சரிபார்க்கிறேன், அப்புறம் எங்கே இடறியது. பேட் டேட்டா சிஆர்சி என்று நின்றால் கெர்னல் பாதி. ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆனால் கெர்னல் முழுசு, ஃபைல் சிஸ்டம் பாதி. ஒன்றுமே வராவிட்டால், இணைப்பு எல்லாம் சரி என்ற பட்சத்தில், பூட்லோடரே போயிருக்கிறது.

யு-பூட் ஒரு நொடிதான் காத்திருக்கும், அதற்குள் குறுக்கிட வேண்டும். பழைய டிபி-லிங்க் பெட்டிகளில் டி, பி, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அந்த நொடிக்குள் தட்ட வேண்டும். வேறு எடிட்டரில் எழுதிக் காப்பி செய்து வைத்துக்கொண்டு, ஆட்டோபூட்டிங் என்று வந்ததும் பேஸ்ட் செய்வது எளிது. உள்ளே நுழைந்ததும் ஃபிளாஷில் எழுத அவசரப்படாதீர்கள். ஓபன்டபிள்யூஆர்டியில் உங்கள் மாடலுக்கு ‘இனிட்ராம்எஃப்எஸ்’ கோப்பு இருந்தால் அதை டிஎஃப்டிபி வழியே ராமுக்கு மட்டும் இறக்கி ஓடவிடுங்கள். ஃபிளாஷை அது தொடவே தொடாது. ரவுட்டர் முழு லினக்ஸாக எழுந்துவிடும், அதற்குள்ளிருந்து நிதானமாக எல்லாப் பகுதியையும் பேக்கப் எடுத்துவிட்டு, சிஸ்அப்கிரேட் கோப்பை ஏற்றலாம். சீரியல் வரை வந்துவிட்டவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியாது.

யு-பூட்டிலிருந்து நேராக எழுதியே ஆக வேண்டுமென்றால் இரண்டு எச்சரிக்கை. பழைய டிபி-லிங்க் மாடல்களின் கம்பெனி ஃபர்ம்வேரில் கோப்புப் பெயரிலேயே ‘பூட்’ என்று இருந்தால், அதற்குள் பூட்லோடரும் சேர்ந்திருக்கிறது. அதை அப்படியே கெர்னல் இருக்கும் இடத்தில் எழுதினால் எல்லாம் நகர்ந்துவிடும். முன்னால் உள்ள 131584 பைட்டை, அதாவது 512 பைட் அளவில் 257 துண்டுகளை, லினக்ஸில் டிடி கட்டளையால் வெட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். இரண்டாவது, மீடியாடெக் பெட்டிகள் பலவற்றில் எண் மெனு வரும். 1 என்றால் ராமுக்கு இறக்கி ஓட்டு, 2 என்றால் சிஸ்டத்தை ஃபிளாஷில் எழுது. 9 என்றால் பூட்லோடரையே எழுது. 2-க்கும் 9-க்கும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். சிஸ்டம் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு 9 அழுத்தினால் அதுவரை உயிரோடு இருந்த ஒரே பகுதியும் போய்விடும்.

பூட்லோடர் போய்விட்டது என்று உறுதியானால் மிச்சமிருப்பது ஃபிளாஷ் சிப்பிலேயே நேரடியாக எழுதுவது. எட்டுக் கால் எஸ்பிஐ சிப் என்றால் சிஹெச்341ஏ புரோகிராமரும் கிளிப்பும் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஹெச்341ஏ பலகைகளில் ஒரு குறை உண்டு: சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் அனுப்பும். அதைத் திருத்தாமலோ, திருத்திய வகையை வாங்காமலோ பயன்படுத்த வேண்டாம். சிப்பில் புள்ளி இருக்கும் மூலைதான் முதல் கால். முதலில் படியுங்கள், இரண்டு தடவை படித்து இரண்டும் பைட்டுக்கு பைட் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒன்றாக இல்லையென்றால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை, அல்லது கிளிப் வழியே போகும் கரண்ட்டில் பிராசஸரும் விழித்துக்கொண்டு குறுக்கே பேசுகிறது. அப்போது சிப்பைக் கழற்றித்தான் படிக்க வேண்டும். அந்த முதல் டம்ப்பை, அதாவது படித்து எடுத்த முழு நகலை, பத்திரமாக வையுங்கள். நண்பரின் அதே மாடல் ரவுட்டரிலிருந்து எடுத்த முழு டம்ப்பை அப்படியே கொட்டாதீர்கள். பூட்லோடர் பகுதியை மட்டும் அதிலிருந்து எடுத்து, ஆர்ட், மேக் முகவரி (பெட்டிக்கே உரிய நெட்வொர்க் எண்) இருக்கும் பகுதிகளை உங்கள் டம்ப்பிலிருந்தே வைத்துச் சேர்த்து எழுதுங்கள். அடுத்தவர் ஆர்ட்டை வைத்தால் வைஃபை வேலை செய்கிற மாதிரி இருக்கும், ஆனால் அந்த அளவீடு உங்கள் ரேடியோவுக்கு உரியது இல்லை, சிக்னல் பக்கத்து அறையோடு நின்றுவிடலாம். உங்களுக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்காது.

மீண்டு வந்ததும் ஸ்டிக்கரில் உள்ள மேக் முகவரியும் ரவுட்டர் காட்டுவதும் ஒன்றா என்று பாருங்கள். சில உள்ளூர் இன்டர்நெட் இணைப்புகள் மேக்கைப் பதிந்து வைத்திருப்பார்கள். மாறியிருந்தால் ரவுட்டர் நன்றாக இருந்தும் நெட் வராது. இன்டர்நெட் இணைப்புக்கான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு பழைய செட்டிங்கோடு போயிருக்கும், உங்கள் ஆபரேட்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் ஓபன்டபிள்யூஆர்டிக்குள்ளிருந்து எம்டிடி எனப்படும் எல்லா ஃபிளாஷ் பகுதிகளையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள், குறிப்பாக ஆர்ட்டை.

இதைப் படித்துவிட்டு ஃபைபர் பெட்டியிலும் கை வைக்க நினைப்பவர்களுக்கு: வேண்டாம். ஓஎன்டி எனப்படும் அந்தப் பெட்டியின் ஜிபான் (ஃபைபர் இணைப்பு முறை) சீரியல் எண் ஆபரேட்டர் பக்கம் உள்ள ஓஎல்டி என்ற பெட்டியில் பதிவாகியிருக்கிறது. அதன் ஃபர்ம்வேர் கெட்டு அந்த எண் அழிந்தால், பெட்டி எழுந்தாலும் லைன் அதை ஏற்காது. அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உங்கள் ஆர்ச்சரை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

இன்று மாலையே வயர்ஷார்க் வரை மட்டும் செய்து பாருங்கள், அதில் எதையும் எழுதப் போவதில்லை, கெடவும் எதுவுமில்லை. ஏஆர்பி வரி வந்தால் மேலே சொன்னபடி தொடருங்கள். வரவில்லையென்றால், எந்த போர்ட்டில் செருகினீர்கள், சுவிட்ச் வைத்தீர்களா, ரீசெட்டைப் பிடித்திருக்கும்போது எந்த விளக்கு எரிந்தது என்ற மூன்றையும் சொல்லுங்கள். சீரியலுக்குப் போக வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.